சைமன்ராஜின் பாட்டுக்கு வொர்க் பெர்மிட்

செங்கதிர் மனமகிழ் மன்றத்தின் மேடையில் ஒரு காதல் பாட்டு பாட வேண்டுமானால், அந்தப் பாட்டினால் யாருக்கும் காயம் ஏற்படாது என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். இது சைமன்ராஜுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாட்டே எழுதியிருக்க மாட்டான். பேசாமல் ஒரு புடவை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான்.

சைமன்ராஜ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் பிரிவில் டெக்னீஷியன். பெல்ட் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மனைவி பேசாமல் இருந்தால் எது தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் அவனால் கண்டுபிடிக்க முடியாது.

அவன் மனைவி ஏஞ்சலின் குவார்ட்டர்ஸின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அந்த பிளாக்கில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவள் கையால் தைத்தது. மெஷின் ஓடும்போது பக்கத்தில் எஃப்.எம்.மும் ஓடும். பாட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே அவள் அதை வைத்திருந்தாள் என்று தோன்றும்.

"'நிலவே'ன்றான். அடுத்த பாட்டுலயும் நிலவுதான். ஊர்ல இருக்கிற அத்தனை பொண்ணுக்கும் ஒரே மூஞ்சியா?" என்பாள். அடுத்த பாட்டு வரும். "உயிரேன்னு மூணு வாட்டி, அன்பேன்னு ரெண்டு வாட்டி. கடைசி வரைக்கும் பேரச் சொல்ல மாட்டேன்றானே! பேரு மறந்துட்டுது, சமாளிச்சிக்கினு போறான்." காதலித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை என்று ஒருவன் உருகினால், "அப்ப டாக்டர்கிட்ட போவணும். ஸ்டுடியோவுக்கு ஏண்டா போன?" என்று நூலைப் பல்லால் கடித்துத் துப்புவாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இருபதாவது கல்யாண நாளன்று சைமன்ராஜ் வாட்ஸப்பில் எட்டு வரி அனுப்பினான். யாரோ யாருக்கோ எழுதியது. நான்கு ரோஜா, ஆறு சிவப்பு இதயம். சமையலறையில் நின்றபடி முன்னறைக்கு அனுப்பினான்.

மெஷின் நின்றது.

"என்னாங்க, இங்க வாங்க. 'உன் நீண்ட கூந்தலில் தொலைந்தேன்'னு போட்டிருக்குது. எனக்கு டைபாய்டு வந்து முடி கொட்டி மூணு வருஷம் ஆவுது. நீங்க எவ கூந்தல்ல தொலைஞ்சிட்டு வரீங்க?"

"அது பார்வர்டு மெசேஜ், ஏஞ்சலு."

"தெரியுதே. நான் கேக்கறது அது இல்ல. இருவது வருஷத்துல என்னை ஒரு வாட்டியாவது உத்துப் பாத்திருக்கீங்களா? பெல்ட்டப் பாக்கற மாதிரி?"

அவனுக்குப் பதில் இருந்தது. நாக்கு மட்டும் கிளம்பவில்லை.

அவள் சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பண்ருட்டியில தங்கச்சி கடையில தைக்கறதுக்கு ஆள் இல்லியாம். மே மாசத்துலருந்து திங்கக்கிழம போயிட்டு சனிக்கிழம வரேன். பாப்பாவும் ஆஸ்டல்ல இருக்குது. இங்க நான் இருந்து யாரு பாக்கப் போறாங்க? மாவு அரைச்சி வச்சிட்டுப் போறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அந்த வாரம் சுரங்க ஊழியர்களின் மனமகிழ் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏப்ரலில் ஆண்டு விழா. உறுப்பினர்களின் சொந்தப் பாடல்கள் வரவேற்கப்படுகின்றன. புதுமைக்கு முன்னுரிமை. சைமன்ராஜ் அதை இரண்டு முறை படித்தான். வீட்டுக்குள் வாயைத் திறந்து சொல்ல முடியாததை, முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கில் வேறொருவர் பாடிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். பன்னிரண்டு நாள், சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதினான்.

பாட்டின் முதல் பாதி, பாட்டு என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. தீ, பள்ளம், திருட்டு, நிலா எல்லாம் வந்தன. பின்பாதியில் ஒன்பது வரி, அவன் தன் கண்ணால் பார்த்தவை. மன்றத்து இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிரவீன்குமார் மெட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, நடுவுல ஒண்ணு கொறையுதுண்ணே. அர்த்தமே இல்லாம ஏதாவது வேணும். ஜனங்க அத மட்டுந்தான் பாடுவாங்க" என்று தானே ஒன்றைச் சேர்த்தான். ஜிப்புகு ஜிப்புகு ஜும்மலா.

பாட்டை மன்ற அலுவலகத்தில் கொடுத்தபோது அதைத் துளைபோட்டு, டேக் கட்டி, பழுப்பு அட்டைக்குள் வைத்தார்கள். அட்டையின் மேல் எண் எழுதினார்கள். பாடல் பரிசீலனைக் குழு கூடும் நாளில் வரச் சொன்னார்கள்.

குழுவில் மூன்று பேர். மூவரும் அதிகாரிகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். தலைவர் சோமசுந்தரம், சாமான்கள் கொள்முதல் செய்யும் ஸ்டோர்ஸில் முப்பத்தோர் ஆண்டு இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கையெழுத்துப் போட எதுவும் கிடைக்காமல் ஆறு மாதம் உடம்பு சரியில்லாமல் கிடந்தார். மன்றத்தில் இந்தக் குழுவை அமைத்த பிறகுதான் தேறினார். சேஃப்டியில் இருந்த பவுல்ராஜும் முறைகேடுகளைத் துருவும் விஜிலன்ஸில் இருந்த திலகவதி அம்மையாரும் உறுப்பினர்கள். மூவரும் ஏதாவது சினிமாப் பாட்டைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அது தகுதியாகவும் கேட்கப்படவில்லை.

முதல் கூட்டத்தில் பவுல்ராஜ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார். "'உன் பார்வை பட்டதும் பற்றிக்கொண்டேன் நான்.' எத்தனை மணிக்கு?"

"சார்?"

"பத்திக்கிட்டது எத்தனை மணிக்கு? எந்த ஷிப்ட்?"

"அது சும்மா பாட்டுக்கு சார்."

"சைமன், நீங்க பெல்ட்ல வேலை செய்யற ஆளு. பழுப்பு நிலக்கரி சும்மாக் கெடந்தாலே தானாப் புகையும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? வெய்யக்காலம் பூரா தண்ணி பீச்சிக்கிட்டுக் கெடக்கிற ஊருல நின்னு, பத்திக்கிச்சு பத்திக்கிச்சுன்னு மைக்ல பாடுனா, பின்வரிசையில தூங்கிட்டிருக்கிற ஃபயர் சர்வீஸ் ஆளு எந்திரிச்சு ஓட மாட்டாரா? சரி, அடுத்தது. 'உன் கன்னக்குழியில் தவறி விழுந்தேன்.' குழியைச் சுத்தித் தடுப்புக் கட்டியிருந்ததா? எச்சரிக்கைப் பலகை?"

"கன்னத்துல எப்படி சார் பலகை..."

"அப்ப அது பாதுகாப்பில்லாத குழி. எழுதிக்குங்க. 'வானில் பறக்கிறேன் உன்னோடு.' ஆறடிக்கு மேல போனாலே இடுப்புல பெல்ட் போடணும். உங்களுக்கு மட்டுமில்ல, கூட வர்ற அந்த அம்மாவுக்கும்." பவுல்ராஜ் அட்டையை மூடினார். "இதையெல்லாம் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. இந்த மன்றத்துல நான் பொறுப்பேத்து எட்டு வருஷம் ஆச்சு. கேரம் போர்டுல ஒருத்தன் விரல் நசுங்கிச்சுன்னு விபத்து ரெஜிஸ்டர்ல ஒரு வரி இருக்கா? இருக்காது. ரெஜிஸ்டரை நான் எங்க வூட்டு பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன்."

சுரங்கத்தில் எந்த வேலையைத் தொடங்கினாலும் முன்னால் வொர்க் பெர்மிட் என்று ஒரு தாளில் ஆபத்துகளை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சைமன்ராஜ் அப்படி ஆயிரம் தாள் நிரப்பியவன். பாட்டுக்கும் ஒன்று நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார் பவுல்ராஜ்; காதலுக்கு நிரப்புவது அதுதான் முதல் தடவை. 'பணியின் தன்மை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, 'பராமரிப்பு' என்று எழுதினான்.

இரண்டாம் கூட்டம் திலகவதி அம்மையாருடையது.

"'என் இதயத்தைத் திருடியவளே.' திருடினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். எங்க வூட்ல. என் வொய்ஃப்பு."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப நடந்தது?"

"இருவது வருஷம் ஆச்சு மேடம்."

"இருபது வருஷமா தெரிஞ்சும் மறைச்சிருக்கீங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சொந்த மனைவி! மன்றத்து மேடையில, மன்றத்து ஸ்பீக்கர்ல, ஓர் உறுப்பினர் தன்னோட நெருங்கிய உறவினரைப் புகழ்ந்தா அதுக்குப் பேர் என்ன தெரியுமா? சலுகை. உறவில்லாத யாரையாவது பத்தி எழுதுங்க."

"ஐயோ மேடம், நான் குடும்பஸ்தன். உறவில்லாத பொம்பளையப் பத்திப் பாட்டு எழுதினா எங்க வூட்ல..."

"அது உங்க வீட்டு விஜிலன்ஸ். எங்க வரம்புக்குள்ள வராது." அவர் கொஞ்சம் இளகினார். "நான் யாரையும் சந்தேகப்படறவ இல்ல சைமன்ராஜ். வேணும்னா யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இதுவரைக்கும் அப்படிக் கேட்டுப் பாத்தவங்க லிஸ்ட் என்கிட்ட இருக்கு."

முடிவில் ஒரு வழி கிடைத்தது. பாட்டில் வரும் 'நீ' என்பவர் யாரும் அல்லர் என்று சைமன்ராஜ் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அவன் பேனாவைத் திறந்தான். யாரும் அல்லர். இதைத்தானே அவளும் சொல்லிவிட்டுப் பண்ருட்டிக்குப் புறப்படுகிறாள்? ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் மேடை இல்லை. போட்டான். அன்று வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினான். அவளோ, சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, கொண்டுபோக வேண்டிய கத்தரிக்கோல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கூட்டத்தில் தலைவரே அட்டையைத் திறந்தார்.

"'நிலவு போல உன் முகம்.' நல்ல பொருள்தான். ஆனா, மிஸ்டர் சைமன்ராஜ், முகத்துக்கு நிலவுன்னு நேரா ஒரே இடத்துல போய் எடுத்திருக்கீங்க. மூணு கொட்டேஷன் எங்க?"

"உவமைக்கா சார்?"

"எதுக்கா இருந்தாலும் மூணு. நான் ஸ்டோர்ஸ்ல இருந்தவன். எங்கம்மா பொண்ணு பாத்தப்பவே மூணு ஜாதகம் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். குறைஞ்ச தேவை உள்ளவங்க யாரோ அவங்களைத்தான் எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் அவங்க என்கிட்ட ஒண்ணும் கேட்டது கிடையாது. பேசினதும் கிடையாது."

சைமன்ராஜ் மறுவாரம் மூன்று உவமை கொண்டுவந்தான். நிலவு, தாமரை; மூன்றாவதாக எதுவும் தோன்றாமல், தலைக்கு மேல் எரிந்ததைப் பார்த்து எல்.இ.டி. பல்பு என்று எழுதியிருந்தான். குழு ஒன்றரை மணி நேரம் ஆராய்ந்தது. நிலவு மாதத்தில் ஒரு நாள் முழுதாக விடுப்பு எடுக்கிறது. தாமரை அழுகும் பொருள், இருப்பு வைக்க முடியாது. எல்.இ.டி. பல்புக்கு இரண்டு வருட உத்தரவாதம் உண்டு. தேர்வு செய்யப்பட்டது.

பிறகு தலைவர் பின்பாதிக்கு வந்தார். ஒன்பது வரிகளையும் மனதுக்குள் படித்தார். நெற்றி சுருங்கியது. "இதெல்லாம் என்னங்க? இது இதுக்கு முன்னாடி எந்தப் பாட்டுலயாவது வந்திருக்கா?"

"இல்ல சார். இது எங்க வூட்ல நடக்கறது. நான் பாத்தது."

"அப்ப முன் அனுபவம் இல்லை. ஓர் உவமைன்னா குறைஞ்சது மூணு ஹிட் பாட்டுல வேலை செஞ்சிருக்கணும். நிலவு பாருங்க, எவ்வளவு சர்வீஸ்! உங்க வரிக்கு என்ன சான்று இருக்கு?"

"நோட்டீஸ்ல புதுமைக்கு முன்னுரிமைன்னு போட்டிருந்துச்சே சார்?"

"ஆமா. அஞ்சு வருஷ அனுபவம் உள்ள புதுமைக்கு."

முதற்பாதியின் தீ, குழி, திருட்டைப் போலவே இந்த ஒன்பது வரிகளின் மேலும் சிவப்புக் கோடு விழுந்தது.  எல்.இ.டி. வரியைத் தவிர மிச்சம் இருந்தது ஜிப்புகு ஜிப்புகு ஜும்மலா மட்டும்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஒரு அர்த்தமும் இல்ல சார்."

மூவரின் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. பவுல்ராஜ் தலையாட்டினார். திலகவதி அம்மையார் புன்னகை செய்து யாரும் பார்த்ததில்லை, அன்று பார்த்தார்கள். சோமசுந்தரம் எழுந்தே நின்றுவிட்டார்.

"அற்புதம்! அர்த்தம் இருந்தா ஒருத்தன் சரிம்பான், இன்னொருத்தன் தப்பும்பான், விளக்கம் கேப்பான். அர்த்தம் இல்லாததை எவன் ஆட்சேபிக்க முடியும்? முப்பத்தொரு வருஷம் நான் எழுதின ஆபீஸ் குறிப்பெல்லாம் இந்த முறையில எழுதினதுதான். மெட்டுப் போடலாம்னு மட்டும் எனக்குத் தோணாமப் போச்சு."

அங்கீகரிக்கப்பட்ட பாட்டு இதுதான்: ஜிப்புகு ஜிப்புகு ஜும்மலா, எல்.இ.டி. போலே உன் முகம் அம்மலா, ஜிப்புகு ஜிப்புகு ஜும்மலா. இதை நான்கு முறை பாட வேண்டும்.

"சார், வேணாங்க. நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றான் சைமன்ராஜ். இந்தப் பாட்டைக் கேட்டால் ஏஞ்சலின் சனிக்கிழமைகூட வரமாட்டாள்.

"நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சே" என்றார் தலைவர்.

திலகவதி அம்மையார் குறுக்கிட்டார். "ஒரு விஷயம் சார். நீக்கினதை நாம மறைச்சிட்டோம்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. நீக்கின வரிகள் ஒவ்வொண்ணையும், காரணத்தோட, விழாவுல எல்லாருக்கும் முன்னாடி வாசிச்சிடணும். வெளிப்படைத்தன்மை."

தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். அறிக்கை வாசிப்பதென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை.

விழா மாலை ஐந்து மணிக்கு. ஏஞ்சலின் வந்திருந்தாள். பாட்டுக்காக அல்ல, இசைக்குழுப் பெண்களின் ஜாக்கெட் அவள் தைத்தது, மேடையில் தோள்பட்டை சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வந்தாள். மூன்றாம் வரிசையில், எதிர்வீட்டுப் புஷ்பவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சைமன்ராஜ் சுவரோரம் நின்றான். உட்கார முடியவில்லை.

சோமசுந்தரம் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, உறுப்பினர் சைமன்ராஜ் இயற்றிய பாடல். அதற்கு முன்பாக, முதற்பாதியில் நீக்கப்பட்ட வரிகள்" என்று தொடங்கி, தீயையும் குழியையும் திருட்டையும் காரணத்தோடு வாசித்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. சிலர் போனை எடுத்தார்கள்.

"பின்பாதியில் நீக்கப்பட்ட வரிகள். ஒன்று: 'வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே என்னைத் திட்டுவாள், ஓர் ஊசியும் கீழே விழாது.' காரணம்: கூர்மையான பொருள், முகக்கவசம் குறிப்பிடப்படவில்லை."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்த ஊசிகளுக்கு நடுவிலிருந்து அளவு சரியில்லை என்று திட்டு வாங்காதவர்கள் அங்கே குறைவு. போன்கள் கீழே இறங்கின.

"இரண்டு: 'முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தூங்குவதுபோல் படுத்திருப்பாள். தண்ணீர் பாட்டிலை நான் மறந்தால் கண்ணைத் திறக்காமலே இருமுவாள்.' காரணம்: அங்கீகரிக்கப்படாத எச்சரிக்கை ஒலி. மூன்று: 'சிரிப்பை அடக்கினால் இடது பக்க மூக்கு மட்டும் விடைக்கும்.' காரணம்: நேரில் சரிபார்க்கப்படவில்லை."

முந்நூறு தலைகள் மூன்றாம் வரிசையை நோக்கித் திரும்பின. ஏஞ்சலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது பக்க மூக்கு விடைத்தது.

"கரெக்ட்டு சார்! சரிபாத்தாச்சு!" என்று கத்தினாள் புஷ்பவல்லி.

"அமைதி. நான்கு: 'பாட்டு எழுதுகிறவனையெல்லாம் வைவாள். தனியாக இருந்தால் அதையே பாடுவாள், மெட்டுத் தப்பாக.' காரணம்: இசைக்குறைபாடு. ஐந்து: 'மகளை விடுதியில் விட்டுவந்த அன்று மூன்று தட்டு எடுத்து வைத்தாள். அவள் கவனிக்கும் முன் மூன்றாவது தட்டை நான் எடுத்து உள்ளே வைத்தேன்.' காரணம்: இருப்பில் ஒரு தட்டு வித்தியாசம்."

சிரிப்பு அடங்கியிருந்தது. தலைவர் பக்கத்தைத் திருப்பினார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. குரலை மாற்றும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஆறு: 'காய்ச்சலில் முடி கொட்டிய பிறகு, நான் பார்த்தால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். அதனால் பார்க்காதவன்போல் இருந்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.' காரணம்: பார்த்தாரா, பார்க்கவில்லையா என்பதில் முரண்பாடு."

 புஷ்பவல்லி ஏஞ்சலினின் கையைப் பிடித்தாள். ஏஞ்சலின் அதை விடுவித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துத் துடைத்து, போட்டுக்கொள்ளவே இல்லை.

மீதி மூன்றையும் வாசித்து முடித்தபோது கூட்டம் எழுந்து கைதட்டியது. சோமசுந்தரம் திகைத்துப் போனார். கைதட்டல் தன் அறிக்கைக்கு என்று நம்பினார். கண் கலங்கி, மைக்கிலேயே நன்றி சொன்னார். அதன் பிறகு அங்கீகரிக்கப்பட்ட பாட்டைப் பாடினார்கள். ஜும்மலாவைக் குழந்தைகள் மட்டும் கூடச் சேர்ந்து பாடின. பெரியவர்கள் சுண்டலுக்கு எழுந்து போய்விட்டார்கள்.

வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சைமன்ராஜ் சாவியைப் போட்டான். திருப்பவில்லை. ஏஞ்சலின் பின்னால் வந்து நின்றாள்.

"அந்த நாலாவது வரி பொய்."

"எது?"

"மெட்டுத் தப்பாப் பாடறேன்னு எழுதினீங்களே. நானா? கோயில் கொயர்ல ஆறு வருஷம் பாடினவ நான்."

"நீ ரெண்டாவது அடியில எப்பவும் கீழ எறங்கிடுவ, ஏஞ்சலு."

"ஓகோ. அவ்ளோ உத்துக் கேட்டுக்கினு இருந்தீங்களா?"

"ஆமா."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பண்ருட்டியில் இருக்கும் தங்கைக்குப் போட்டாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு பேசினாள். ஆனால் அவனுக்குக் கேட்க வேண்டிய அளவுக்குச் சத்தமாகத்தான் பேசினாள்.

"செல்வி, நான்தாண்டி. கடைக்கு வேற ஆள் பாத்துக்க... இல்லடி, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது... இங்க ஒரு பாட்டுல ஏகப்பட்ட தப்பு. ஒவ்வொண்ணா ஒக்காந்து திருத்த வேண்டியிருக்குது."